வரிசை எண் முப்பத்தெட்டு

ஏழு பன்னிரண்டு ரயில் அன்று பதினெட்டு நிமிடம் தாமதமாக வரும் என்று நடைமேடையின் மின்பலகை அறிவித்தது. அந்தத் தாமதம் மட்டும் நேராதிருந்தால் கயல் வழக்கம்போல் ஏறிப் போயிருப்பாள். நிழற்குடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தை அவள் படித்திருக்கவே மாட்டாள்.

தெற்கு சான் ஹோசேயில் அந்த லைட் ரயில் நிலையம் ஃப்ரீவேயின் நட்டநடுவில் அமைந்திருக்கிறது. வலப்பக்கம் நான்கு தடங்கள், இடப்பக்கம் நான்கு தடங்கள், இடையில் ஆற்றுக்குள் திட்டுப்போல் ஒரு நீண்ட நடைமேடை. இரண்டு பக்கமும் மணிக்கு எழுபது மைல் வேகத்தில் கார்கள் பறந்துகொண்டே இருக்கும். அங்கே நிற்பவர் வாயைத் திறந்தால் பல்லில் கரித்தூள் நறநறக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அழகான இடம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் காலை நேரத்து நெரிசலில் அந்த எட்டுத் தடங்களும் ஸ்தம்பித்து நிற்கையில், நடுவே ரயில் மட்டும் மணியடித்துக்கொண்டு போகும் அழகு இருக்கிறதே, அதைக் கயல் மனத்துக்குள் கொண்டாடுவாள். ஒருமுறை தன் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் வெங்கடாசலம் அவர்களின் வெள்ளைக் கார் அந்த நெரிசலில் சிக்கி நிற்பதைச் சன்னல் வழியே பார்த்து, மரியாதையாகக் கையசைக்கவும் செய்தாள். அவர் கவனிக்கவில்லை.

கயல் வசித்தது ஓக் டெரஸ் என்னும் குடியிருப்பில். ஃப்ரீவேயின் இரைச்சலைத் தடுப்பதற்காகக் குடியிருப்பின் பின்புறம் எழுப்பப்பட்ட உயரமான சுவரில் ஓர் இரும்பு வாசல் உண்டு. அதைத் தாண்டினால் நடைபாலம். பாலத்தின் நடுவிலிருந்து படிக்கட்டும் லிஃப்டும் நேரே நடைமேடையில் இறங்கும். வீட்டு வாசலிலிருந்து ரயில் வரை ஆறே நிமிடம். இந்த வாசல் இல்லையென்றால், பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு, ஃப்ரீவேக்குள் கார்கள் பாய்ந்து ஏறும் இரண்டு சரிவுகளைக் குறுக்கே கடந்து, மறுபுறத்துக் கார் நிறுத்தம் வழியாகத்தான் நிலையத்தை அடைய வேண்டும். ஏறக்குறைய இரண்டு மைல். வழியில் பாதி தூரத்துக்கு நடைபாதையே கிடையாது.

பாலத்தடியில் அதே காகிதம் பத்து நாளாக ஒட்டியிருந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். லிஃப்ட் பழுது என்று மாதம் இரண்டு முறை ஒட்டுவார்கள். இதுவும் அதுபோல என்று நினைத்திருந்தாள். இன்று நேரம் இருந்ததால் படித்தாள்.

ஓக் டெரஸ் பக்கத்து வாசலை நிரந்தரமாக மூடுவது குறித்துப் பொது விசாரணை. இன்று மாலை ஆறரை மணி. நூலகக் கூடம். குடியிருப்போரின் விண்ணப்பத்தின் பேரில்.

கீழே கியூஆர் கோடு எனப்படும் கட்டக்குறி இருந்தது. கைப்பேசியைக் காட்டினாள், விண்ணப்பம் திறந்தது. முதல் பக்கத்தில் திருட்டுப்போன பார்சல்கள், உடைந்த கார்க் கண்ணாடிகள், பாலத்தில் படுத்துறங்கிய ஒரு மனிதரின் புகைப்படம் ஆகியவை இருந்தன. இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம். ‘கீழே கையொப்பமிட்டுள்ள எங்களில் ஒருவரும் இந்த நிலையத்தைப் பயன்படுத்துவதில்லை.’ அதன் கீழே, வீட்டு எண் வரிசைப்படி, எண்பத்து மூன்று பெயர்கள். வரிசை எண் முப்பத்தேழு, கதிர். அவளுடைய கணவன். வரிசை எண் முப்பத்தெட்டு, கயல் கதிர்.

அவள் மறுபடியும் படித்தாள். காலுக்கடியில் நடைமேடை அதிர்ந்துகொண்டிருந்தது. இந்த நிலையத்தைத் தான் பயன்படுத்துவதில்லை என்று தான் கையொப்பமிட்ட உறுதிமொழியை, அந்த நிலையத்தில் நின்றுகொண்டே அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

கதிரை அழைத்தாள்.

“சொல்லு கயல், ஸ்டாண்டப் மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது.”

“கேட் மூடறதுக்கு என் பேர்ல கையெழுத்துப் போட்டீங்களா?”

“என்னது? கேக்கல. டேட்டா?”

“கேட்! பாலத்து கேட்டு! என் பேரைப் போட்டீங்களான்னு கேக்கறேன்!”

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்ற மருத்துவமனைச் சீருடைப் பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். கோபத்தில் கத்துவதற்கு இதைவிட வசதியான இடம் அந்த ஊரில் வேறில்லை.

“அதுவா... ஈவினிங் பேசிக்கலாமே. எல்லாரும் லைன்ல இருக்காங்க,” என்ற பதில் வந்தது.

“இன்னிக்கு ஈவினிங்தான் ஹியரிங்கே!”

ரயில் வந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு ஏறினாள். பயண அட்டையை நடைமேடைக் கருவியில் வைக்க மறந்தது கதவு மூடிய பிறகே நினைவுக்கு வந்தது. ஐந்தாண்டுகளில் அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அந்தச் சிறு பிசகும் சேர்ந்துகொண்டு அவள் கோபத்தை இன்னும் கிளறியது.

கயல் ஏன் கார் ஓட்டுவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓக் டெரஸில் அறுபது வீடுகள். அவற்றில் நாற்பத்தொன்று தமிழ்க் குடும்பங்கள். அவர்களில் ஒருவருக்கும் உண்மைக் காரணம் தெரியாது. “கயலுக்கு ஃப்ரீவேன்னா பயம்” என்று கதிர் பரப்பிய கதைதான் எல்லோருக்கும் தெரியும். விருந்துகளில் அது ஒரு நிலையான நகைச்சுவை. “நாமெல்லாம் நாமளே டிரைவ் பண்றோம், கயலுக்கு மட்டும் டிரைவரோட பிரைவேட் டிரெயின்!” என்பார்கள். அவளும் உடன் சிரிப்பாள்.

அவளுக்கு வலிப்பு இருந்தது. கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படிக்கையில், பத்தொன்பது வயதில், விடுதி உணவுக்கூடத்தில் முதல்முறை வந்தது. பெண் பார்க்க வந்தபோது வீட்டார் மறைக்கச் சொன்னார்கள். அவள் மறைக்கவில்லை, கதிரிடம் தொலைபேசியில் தானே சொன்னாள். “பரவாயில்லை, ஆனா நமக்குள்ளயே இருக்கட்டும்,” என்று அவன் பெருந்தன்மையாகச் சொன்னதை அன்று அவள் அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். மாத்திரையின் தயவில் பல ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை. இங்கே உரிமம் வாங்கி ஆறாண்டுகள் காரும் ஓட்டினாள். பிறகு ஒருநாள் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு இரண்டடி தள்ளி, மகள் ஸ்ம்ருதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தாள். மருத்துவமனையிலிருந்து சட்டப்படி ஓட்டுநர் உரிமத் துறைக்குத் தகவல் போயிற்று, உரிமம் நின்றது. சில காலம் கழித்துத் திரும்பப் பெற வழி இருந்தது. ஆனால் பின்னிருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தவள் அவள்தான். அதை அவள் யாரையும் கேட்டு முடிவு செய்யவில்லை.

அந்த முடிவுக்குப் பிறகு வீட்டில் அடைந்து கிடக்காமல் அவளைக் காப்பாற்றியது இந்த ரயில்தான். நகர மையத்தில் குடிநீரைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை தேடிக்கொண்டாள். யாரையும் கெஞ்சாமல் போகலாம், யாருக்கும் நன்றி சொல்லாமல் வரலாம். ஒரு மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய செல்வம் என்பது, சாவியை எடுத்துக்கொண்டு நினைத்த நேரத்தில் கிளம்புகிறவர்களுக்குப் புரிவது கடினம்.

அன்று ஆய்வகத்தில் இரண்டு மாதிரிகளுக்கு ஒரே அடையாளச் சீட்டை ஒட்டிவிட்டாள். அவளே இரண்டையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கதிர் வழக்கத்துக்கு மாறாகக் காப்பி போட்டு வைத்திருந்தான். அவள் அதைத் தொடவில்லை.

“உக்காரு, சொல்றேன். வெங்கடாசலம் அங்கிள் ஹெச்.ஓ.ஏ. பிரசிடென்ட். அவரே வீட்டு வாசலுக்கு வந்து நின்னாரு. ஃபார்ம் ஆன்லைன்ல இருக்கு, அடல்ட்ஸ் எல்லார் பேரும் போடுங்கன்னாரு. தமிழ் வீடுகள்ல நாற்பது போட்டாச்சு, நம்ம வீடு மட்டும்தான் பாக்கின்னாரு. நான் என்ன சொல்றது?”

“என் வொய்ஃப் தினம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறான்னு சொல்றது.”

“அப்ப ஏன் டிரைவ் பண்ணலைன்னு கேப்பாரு.”

“கேக்கட்டும்.”

“பயம்னா, ‘நான் கிளாஸ் அரேஞ்ச் பண்றேன்’னுவாரு. அந்த மனுஷனைப் பத்தி உனக்குத் தெரியாதா? நோண்டிட்டே இருப்பாரு கயல். கடைசியில எல்லாம் வெளிய வந்துடும்.”

“அதனால நான் அந்த ஸ்டேஷனுக்கே போறதில்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்க.”

“நான் எழுதல, ஃபார்ம்லயே இருந்தது. ரெண்டு பேர் பேரையும் டைப் பண்ணி சப்மிட் பண்ணேன், அவ்வளவுதான். எல்லா ஃபார்மும் நான்தானே ஃபில் பண்றேன்? விசா, இன்ஷூரன்ஸ், ஸ்கூல்... இத்தனை வருஷத்துல ஒருதடவையாவது ஏன்னு கேட்டிருக்கியா?”

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது, ஏனெனில் அது உண்மை. சார்ந்து வந்தவர் என்ற விசாவில் இந்த நாட்டில் இறங்கிய நாள் முதல், அவளுடைய பெயரை எல்லாப் படிவங்களிலும் எழுதியது கதிர்தான். அது அன்பா அலட்சியமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பதினொரு வயது ஸ்ம்ருதி, “பட் அப்பா, தட்ஸ் லிட்ரலி லையிங்,” என்றாள்.

“நீ மேல போ கண்ணா.”

“அவ எதுக்குப் போகணும்? சரியாத்தானே சொல்றா?” என்றபடி கயல் தன் பையைத் திரும்ப எடுத்துத் தோளில் மாட்டினாள். “நான் ஹியரிங்குக்குப் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க.”

கதிர் வந்தான். நூலகத்தின் வாகன நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

“பேசு. நான் தடுக்கல. சுற்றுச்சூழல்னு சொல்லு, கார்பன்னு சொல்லு, எனக்கு டிரெயின்ல புக் படிக்கப் பிடிக்கும்னு சொல்லு. அதை மட்டும் சொல்லாத. நாளைக்கு ஸ்ம்ருதிக்கே ஒரு எடம் பாக்கறப்ப...”

“அவளுக்குப் பதினொண்ணு!” என்று சொல்லிவிட்டுக் கயல் காரிலிருந்து இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் ஓக் டெரஸ் திரண்டு வந்திருந்தது. நடுவே வெங்கடாசலம் அவர்கள், இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் கோப்புமாக வீற்றிருந்தார். முப்பதாண்டுகள் கணினிச் சிப் தயாரிக்கும் நிறுவனமொன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்றே அவரைச் சொல்ல வேண்டும். யார் வீட்டில் சாவு என்றாலும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்க முதலில் ஓடுகிறவர். அவருடைய மனைவி நாகரத்தினம் அவர்கள் கயலைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“வா கண்ணு, வா! நீயும் வந்துட்டியா? நம்ம பக்கம் ஆளு எத்தனை சேருதோ அத்தனை நல்லதுன்னு இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன்.”

“நான் உங்க பக்கம் இல்லீங்க ஆன்ட்டி,” என்றாள் கயல்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தார்.

மேடையில் நகர மன்றத்தின் மூன்று அதிகாரிகள் இருந்தனர். நடுவில் இருந்த நரைத்த தலைமுடிப் பெண்மணி தலைமை வகித்தார். பேச விரும்புவோருக்குத் தலா இரண்டு நிமிடம். வெங்கடாசலம் அவர்கள் தம் இரண்டு நிமிடத்தில் கணக்காகப் பேசினார். வாசலை மூடுவதால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை என்றும், குடியிருப்போர் ஒருவர்கூட அந்த ரயிலில் ஏறுவதில்லை என்றும், எண்பத்து மூன்று பெரியவர்கள் அதை உறுதி செய்து கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்றும் எடுத்துரைத்தார். கைதட்டல் எழுந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதை நம்பினார். அதுதான் கயலுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வாரம் ஐந்து நாள், காலையும் மாலையும், அவர் வீட்டைக் கடந்துதான் அவள் அந்த வாசலுக்குப் போகிறாள். விருந்துக்கு விருந்து அந்த ரயிலை வைத்துத்தான் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். சிரிப்பதற்குப் பயன்பட்ட ரயில், கணக்கில் சேரவில்லை போலும்.

அவள் முறை வந்தது. ஒலிவாங்கியின் முன் நின்று ஆங்கிலத்தில் பேசினாள்.

“என் பெயர் கயல்விழி. உங்கள் பட்டியலில் முப்பத்தெட்டாவதாக இருக்கிறேன். அந்தக் கையொப்பம் என்னுடையது அன்று. நான் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். என் பெயரைத் தயவுசெய்து நீக்குங்கள். வாசலை மூடாதீர்கள்.”

கூடத்தில் சலசலப்பு. கதிர் கடைசி வரிசையில் குனிந்து, தன் காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமை அதிகாரி மிகவும் கனிவாகக் கேட்டார். “குறித்துக்கொள்கிறோம் அம்மா. ஆனால் மறுபுறத்தில் இருநூறு கார்கள் நிறுத்தும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடம். அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏறுவதில் உங்களுக்கு ஏதேனும் சிரமம் உண்டா?”

கயல் பதில் சொல்வதற்குள், முன்வரிசையில் நாகரத்தினம் அவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேச்சு? நாலு நாள் கிளாஸ் போனா டிரைவிங் வந்துட்டுப் போகுது. அறுபது வயசுல நான் கத்துக்கல? புள்ளைக்குச் செல்லம் ஜாஸ்தி!”

சிலர் சிரித்தார்கள். தீய எண்ணமில்லாத, வீட்டுச் சிரிப்புதான் அது. ஐந்தாண்டுகளாக அவளும் சேர்ந்து சிரித்த அதே சிரிப்பு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்தவர்களுக்கு அது சுலபம். அந்தச் சோற்றைத் தின்று தின்று விழுங்கியவள் அவள். கயல் ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள். ஆங்கிலத்தையும் விட்டுவிட்டாள்.

“எனக்கு ஃபிட்ஸ் இருக்குங்க ஆன்ட்டி. வலிப்பு. பயம் இல்ல, செல்லம் இல்ல, வலிப்பு. ஓட்டிட்டிருக்கும்போது வந்தா நானும் சாவேன், எதிர்ல வர்ற நீங்களும் சாவீங்க. அதனாலதான் ஓட்டறதில்ல. போதுங்களா?”

பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பி, மேடையை நோக்கி அதையே ஒரே வாக்கியத்தில், குரல் நடுங்காமல் சொன்னாள். நேரம் முடிந்ததென்று மணி ஒலித்தது. அவள் நகரவில்லை.

“இன்னும் ஒரே ஒரு கேள்விக்கு அனுமதி வேண்டும். இந்தப் பட்டியலில் உள்ள பெண்களில் எத்தனை பேர் தாங்களே கையொப்பமிட்டார்கள் என்று தயவுகூர்ந்து கேட்பீர்களா?”

அதிகாரி தம் சகாக்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “பட்டியலில் பெயர் உள்ளவர்களில், படிவத்தைத் தாமே நிரப்பியவர்கள் கையை உயர்த்தலாமா?”

கைகள் உயர்ந்தன. ஏறக்குறைய எல்லாம் ஆண்களின் முழுக்கைச் சட்டைகள். பெண்களில் இருவர் மட்டும் உயர்த்தினார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த பிரீத்தி என்ற இளம்பெண் தன் கணவர் பக்கம் திரும்பி, “என் பேரும் இருக்கா? நான் அந்த ஃபார்மைப் பார்க்கவே இல்லையே,” என்று கேட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஷ்... அப்புறம் சொல்றேன்,” என்றார். நாகரத்தினம் அவர்களின் கை அரைகுறையாக உயர்ந்து, தம் கணவரின் முகத்தைப் பார்த்து, மீண்டும் கைப்பையின் மேல் இறங்கியது.

அதிகாரிகள் குனிந்து பேசிக்கொண்டார்கள். முடிவு அறிவிக்கப்பட்டது. எண்பத்து மூன்று பேரும் முப்பது நாட்களுக்குள் தனித்தனியே மறுபடி உறுதி செய்ய வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும்.

வெளியே வாகன நிறுத்தத்தில் அவளைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. எவரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். எல்லோர் முகத்திலும் துக்க வீட்டுக் களை. வெங்கடாசலம் அவர்கள் கண் கலங்கி நின்றார்.

“ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க என்ன அந்நியமா? இதோ பாரு, நான் இப்பவே குரூப்ல மெசேஜ் போட்டுட்டேன். ஒரு ஷீட் கிரியேட் பண்ணி, திங்கள் இன்னார், செவ்வாய் இன்னார்னு டர்ன் போட்டு உன்னை வேலைக்கு டிராப் பண்ணிடறோம். உனக்கு அந்தக் கேட்டே வேண்டாம்மா!”

“தனியா போறப்ப அந்த ஸ்டேஷன்ல வந்துட்டா என்ன கண்ணு பண்ணுவ?” என்று நாகரத்தினம் அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பக்கத்துல யாராச்சும் இருக்கணுமில்ல?”

“தேங்க்ஸ் அங்கிள்,” என்றான் கதிர். “ரொம்ப ஹெல்ப்பா இருக்கும்.”

அதைக் கேட்டதும் கயல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நாகரத்தினம் அவர்களின் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“யாரு தேங்க்ஸ் சொன்னது?”

“கயல்...”

“நான் சொன்னேனா? எனக்கு ஹெல்ப்பா இருக்கும்னு நான் சொன்னேனா? மறுபடியும் என் பேர்ல நீங்களே கையெழுத்துப் போடறீங்க!” அவள் வெங்கடாசலம் அவர்கள் பக்கம் திரும்பினாள். “அங்கிள், நீங்க பெரியவங்க, தப்பா நினைக்காதீங்க. அந்த ஷீட்டை டெலீட் பண்ணிடுங்க. எனக்கு டர்ன் வேண்டாம். எட்டு மணிக்கு வேலைன்னா உங்க வீட்டு வாசல்ல ஏழுக்கு வந்து நிக்கணும், நீங்க காப்பி குடிச்சு முடிக்கற வரைக்கும் சிரிச்ச முகமா காத்திருக்கணும், வர்ற வழி பூரா மாத்திரை போட்டியான்னு கேப்பீங்க. வருஷம் முழுக்க நாற்பது வீட்டுக்கு நான் நன்றி சொல்லிட்டே இருக்கணும். எனக்கு இருக்கறது ஒரு கேட்டு. அதைத் திறந்து வைங்க, போதும். நான் விழுந்தா அந்த பிளாட்ஃபார்ம்ல இருக்கறவங்க பாத்துக்குவாங்க. ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க.”

கதிர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். “எப்ப?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு ஹாஸ்பிடல் லேடி தலைக்கடியில கோட்டை மடிச்சு வச்சு, டைம் பாத்துக்கிட்டே பக்கத்துல உக்காந்திருந்தாங்க. எந்திரிச்சதும் தண்ணி குடுத்தாங்க. அடுத்த நாள் ‘குட் மார்னிங்’ சொன்னாங்க. அவ்வளவுதான். உங்க யாரு கிட்டயும் சொல்லல. ஏன் சொல்லலைன்னு இப்பத் தெரியுதா?”

வெங்கடாசலம் அவர்கள் கைப்பேசியை எடுத்து எதையோ தேடி அழுத்தினார். அவர் அழித்தாரா, சேமித்தாரா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒருமணி நேரம் ஆகியிருக்கும். ஸ்ம்ருதி தட்டில் தயிர்ச்சோறு வைத்துக்கொண்டு, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதிரின் கைப்பேசி இருமுறை ஒலித்தது. மறுஉறுதி கேட்டு வந்த மின்னஞ்சல்கள். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. இரண்டும் அவன் முகவரிக்கே வந்திருந்தன, ஏனெனில் படிவத்தில் இருந்தது அவன் முகவரி மட்டுமே.

அவன் வெகு நேரம் திரையைப் பார்த்தான். பிறகு, உள்ளபடியே மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான். “கயல், என்னோடதை வித்டிரா பண்ணிட்டேன். உன்னோடதும் இங்கதான் வந்திருக்கு. அதையும் நானே வித்டிரா பண்ணிடட்டுமா? ஒரு கிளிக்தான்.”

அவன் நல்லெண்ணத்துடன்தான் கேட்டான். அதில் ஐயமில்லை. ஸ்ம்ருதி கரண்டியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தி, “அப்பா. ஓ மை காட்,” என்றாள்.

“தொட்டுப் பாருங்க,” என்றாள் கயல். குரல் உயரவில்லை. “அந்த பட்டனைத் தொட்டுப் பாருங்க.”

கதிர் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன்போல் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கயல் அதே ரயிலில் நகர மன்றத்துக்குப் போனாள். முகப்பில் இருந்த இளைஞர் காகிதப் படிவம் இருக்கிறதா என்று மூன்று இழுப்பறைகளில் தேடிக் கண்டுபிடித்தார். “இதை இணையத்திலேயே செய்திருக்கலாமே,” என்று பணிவாகக் கூறினார். தனக்கு அது தெரியும் என்று அவளும் பணிவாகவே சொன்னாள். முழுப்பெயரை எழுதினாள். தன் முகவரி, தன் மின்னஞ்சல், தன் தொலைபேசி எண். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

அந்த முப்பது நாட்களும் ஓக் டெரஸில் அவளுக்கு இன்பமாகக் கழியவில்லை. விருந்துக்கு அழைப்பு வரவில்லை. சிலர் அவளைக் கண்டால் குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்கள். அது அழைக்காததைவிட மோசமாக இருந்தது. அவளுடைய கோபமும் தணியவில்லை. அதைத் தணிக்க வேண்டும் என்று அவள் முயலவும் இல்லை.

முப்பத்திரண்டாம் நாள் மாலை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது, சாப்பாட்டு மேசைமேல் ஓர் உறை கிடந்தது. நகர மன்றத்தின் முத்திரை. மேலே கயல்விழி என்று அவள் முழுப்பெயர். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வீட்டுக்கு வந்த கடிதங்களில், பிரிக்கப்படாமல் அவள் கைக்கு வந்த முதல் கடிதம் அது. கதிர் அடுப்படியில் நின்று, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் நின்றவாறே உறையைக் கிழித்துப் படித்தாள். மறுஉறுதி அளித்தவர்கள் நாற்பத்தாறு பேர். விண்ணப்பம் தள்ளுபடி. வாசல் திறந்தே இருக்கும். கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

கதிரால் பொறுக்க முடியவில்லை. ஈரக்கையுடன் திரும்பினான். “என்னாச்சு? என்ன போட்டிருக்கான்?”

“அது எனக்கு வந்த லெட்டர்,” என்று சொல்லிவிட்டுக் கயல் உடை மாற்றிக்கொள்ள மாடிக்குப் போனாள்.